இரட்டை மூளைக் கம்ப்யூட்டர் எழுந்திருக்க மறுத்தால்?

பொத்தானை அமுக்குகிறீர்கள். விசிறி சுற்றுகிறது. விளக்கு எரிகிறது. ஆனால் வழக்கமாக வரும் படத்தைக் காணோம். திரை முழுவதும் ஒரே கருப்பு. மேல் மூலையில் வெள்ளை எழுத்தில் இரண்டே வரிகள். "அப்படி ஒரு பகுதி இல்லை" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதன் கீழே "கிரப் ரெஸ்க்யூ" என்று இன்னொரு வரி. பக்கத்தில் ஒரு சிறு கோடு மட்டும் மினுக் மினுக்கென்று கண் சிமிட்டிக்கொண்டிருக்கிறது.

என்ன ஆயிற்று? மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்த பாடக் குறிப்புகள் எங்கே? தங்கையின் கல்யாணப் போட்டோக்கள் எங்கே? எல்லாம் போய்விட்டனவா?

போகவில்லை! அநேகமாக எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடியே இருக்கின்றன. போனது ஒரு சின்னஞ்சிறு வழிகாட்டி. அவ்வளவுதான். அது தெரியாமல், பதறிப்போய் அவசரத்தில் செய்கிற காரியம்தான் ஆபத்து. நோயைவிட வைத்தியம் கொடியதாகிவிடுகிறது.

இந்த நோய் யாருக்கு வருகிறது? ஏன் வருகிறது? மருந்து என்ன? பார்ப்போம்.

ஒரே உடம்பு, இரண்டு மூளை

கம்ப்யூட்டர் வெறும் உடம்பு. அதற்கு மூளையாக இருந்து நடத்துவது 'ஆப்பரேட்டிங் சிஸ்டம்'. இயங்குதளம் என்று தமிழில் சொல்கிறார்கள். விண்டோஸ் ஓர் இயங்குதளம். லினக்ஸ் இன்னொன்று. விண்டோஸ் ஒரு கம்பெனியின் சொத்து. விலை கொடுத்து வாங்க வேண்டும். லினக்ஸ் பொதுச் சொத்து. பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் 1991-ல் தொடங்கி வைத்தார். உலகமெங்கும் உள்ள நிபுணர்கள் கூடி வளர்த்தார்கள். யாரும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

ஓர் உடம்புக்குள் இந்த இரண்டு மூளைகளையும் வைக்க முடியுமா? முடியும். ஒரே சமயத்தில் இரண்டும் வேலை செய்யாது. எந்திரம் கண் விழிக்கும்போது, "விண்டோஸ் வேண்டுமா, லினக்ஸ் வேண்டுமா?" என்று கேட்கும். எதைச் சொல்லுகிறீர்களோ அது எழுந்து வரும்.

இது ஏதோ நிபுணர்கள் வீட்டுச் சங்கதி என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் சாதாரணக் குடும்பங்களுக்குள்ளேயே இந்த இரட்டை மூளை எந்திரம் வந்து புகுந்தது. 2011 செப்டம்பர் 15-ந் தேதி, அண்ணா பிறந்த நாளன்று, அப்போதைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அரசுப் பள்ளிகளிலும், அரசு உதவி பெறும் பள்ளிகளிலும், கல்லூரிகளிலும் படிக்கிற பிள்ளைகளுக்கு மடிக்கணினி கிடைத்தது. எல்காட் என்ற அரசு நிறுவனம் டெண்டர் விட்டு வாங்கிக் கொடுத்தது. அந்த மடிக்கணினிகளில் விண்டோஸுடன் கூடவே 'பாஸ்' என்ற லினக்ஸும் ஏற்றப்பட்டிருந்தது.

பாஸ் என்றால் முதலாளி என்று அர்த்தமல்ல. 'பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்பதன் சுருக்கம் அது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், சென்னையில் உருவாக்கியது. 'டெபியன்' என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்து, தமிழ் முதலிய இந்திய மொழிகளில் இயங்குமாறு அமைத்தார்கள்.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இது புதிய கதை அல்ல. வெள்ளைக்காரக் கம்பெனியின் கப்பல் ஓடிக்கொண்டிருந்த அதே கடலில், 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியவர் வ.உ.சிதம்பரனார். ஒரே துறைமுகம், இரண்டு கொடிகள். அதைப்போலவே, ஒரே டிஸ்க்கில் அமெரிக்காவின் விண்டோஸும் சென்னையில் செய்த பாஸும் பக்கத்தில் பக்கத்தில் குடியிருந்தன.

குடியிருந்தன, சரி. ஆனால் பிள்ளைகளில் பலர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "இது எதற்கு? இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறதே!" என்று அழித்துவிட்டார்கள். அங்கேதான் ஆரம்பித்தது வினை!

தோணி வேலை

காரணம் புரிய வேண்டுமானால், கம்ப்யூட்டர் எப்படிக் கண் விழிக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்கு ஆங்கிலத்தில் 'பூட்' என்று பெயர். காலில் போடுகிற பூட்ஸ்தான்! பூட்ஸின் வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்வது என்று ஆங்கிலத்தில் ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. கம்ப்யூட்டர் செய்வதும் அந்த வேடிக்கைதான். டிஸ்க்கில் உள்ள இயங்குதளத்தை எடுத்து ஓட்டுவதற்கு ஒரு புரோகிராம் வேண்டும். அந்த புரோகிராமை எடுத்து வருவதற்கு இன்னொரு புரோகிராம் வேண்டும். இப்படிச் சிறியது பெரியதைக் கூப்பிட, பெரியது அதைவிடப் பெரியதைக் கூப்பிட, கடைசியில் எந்திரம் எழுந்து நிற்கிறது.

தூத்துக்குடியின் பழைய துறைமுகத்தை நினைத்துப் பாருங்கள். கரையோரம் ஆழம் கிடையாது. பெரிய கப்பல்கள் வெகு தூரத்திலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே சரக்குகளை ஏற்றி இறக்கியவை தோணிகள். தூத்துக்குடி 1974-ல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, பெரிய கப்பல்கள் தளத்தில் வந்தே நிற்கிற காலம் வரும்வரை, தோணி இல்லாவிட்டால் துறைமுகம் இல்லை. கப்பலும் பெரிது, கிட்டங்கியும் பெரிது. இரண்டையும் சேர்த்து வைத்ததோ சிறிய தோணி.

கம்ப்யூட்டரிலும் அப்படி ஒரு தோணி இருக்கிறது. எந்திரத்தின் பலகையில் ஒட்டியிருக்கும் சிப்புக்குள் 'பயாஸ்' என்ற சிறு புரோகிராம் இருக்கிறது. அது கரை. டிஸ்க்கில் உள்ள விண்டோஸோ லினக்ஸோ கப்பல். நடுவே போய் வருகிற தோணிக்குப் பெயர் 'பூட் லோடர்'. லினக்ஸ் எந்திரங்களில் பெரும்பாலும் காணப்படுகிற பூட் லோடரின் பெயர்தான் 'கிரப்'. எரிக் போலின் என்ற நிபுணர் 1995-ல் எழுதத் தொடங்கிய புரோகிராம் அது. இரட்டை மூளை எந்திரத்தில், "எது வேண்டும்?" என்று பட்டியல் போட்டுக் கேட்பதும் இந்த கிரப்தான்.

தோணி கவிழ்ந்தால் கப்பல் மூழ்கிவிட்டதாக அர்த்தமா? கிட்டங்கி எரிந்துவிட்டதாக அர்த்தமா? இல்லை அல்லவா! இந்த ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாதி பயம் போய்விடும்.

அஞ்சலட்டையில் அடங்கும் ரகசியம்

பழைய மடிக்கணினிகளில் தோணியின் கட்டுத்துறை எங்கே இருக்கிறது? டிஸ்க்கின் முதல் கட்டத்தில். அதன் அளவு வெறும் 512 பைட். ஒரு பைட் என்பது ஓர் ஆங்கில எழுத்து என்று வைத்துக்கொண்டால், ஓர் அஞ்சலட்டையில் எழுதி முடித்துவிடலாம்! அந்த 512-ல் 446 பைட் பூட் லோடரின் தலைப்பகுதிக்கு. 64 பைட், டிஸ்க் எப்படிப் பாகம் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று காட்டும் அட்டவணைக்கு. மிச்சம் 2 பைட் முத்திரைக்கு.

446 பைட்டுக்குள் எவ்வளவு எழுத முடியும்? "அடுத்ததை அங்கே போய்ப் பார்" என்று எழுதத்தான் இடம் இருக்கும். கிரப் தன் தலையை மட்டும் இங்கே வைத்துக்கொண்டு, உடலை லினக்ஸ் இருக்கும் பாகத்தில் வைத்திருக்கிறது. இப்போது ஒருவர் விண்டோஸில் உட்கார்ந்துகொண்டு லினக்ஸ் பாகத்தை அழித்துவிடுகிறார். கிரப்பின் உடலும் சேர்ந்து போய்விடுகிறது. தலை மட்டும் மிஞ்சுகிறது. மறுநாள் காலையில் எந்திரத்தைத் திறந்தால், தலை தன் உடலைத் தேடுகிறது. காணவில்லை! "அப்படி ஒரு பகுதி இல்லை" என்று புலம்புகிறது. அந்தக் கருப்புத் திரையின் மர்மம் இதுதான். விண்டோஸுக்கு ஒரு காயமும் இல்லை. அதைக் கூப்பிடத்தான் ஆள் இல்லை.

இதற்கு நேர் எதிரான விபத்தும் உண்டு. விண்டோஸ் பழுதாகிவிட்டது என்று அதை மறுபடி புதிதாக ஏற்றுகிறார்கள். விண்டோஸ் என்ன செய்கிறது? முதல் கட்டத்தில் இருந்த கிரப்பைக் கேட்காமல் தள்ளிவிட்டுத் தன் தோணியைக் கட்டிக்கொள்கிறது. அந்தத் தோணிக்கு விண்டோஸ் ஒன்றுதான் தெரியும். பட்டியல் வருவதில்லை. "லினக்ஸ் அழிந்துவிட்டது" என்று நினைக்கிறார்கள். அழியவில்லை. பாகத்தில் பத்திரமாகத் தூங்குகிறது.

மூன்றாவது காரணம் மின்சாரம். எந்திரம் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும்போது கரண்டு போய், பாட்டரியும் பழசாக இருந்தால், எழுதிக்கொண்டிருந்தது பாதியில் நின்றுவிடும்.

நான்காவது, நாலணா அளவுள்ள ஒரு வட்டப் பாட்டரி. பயாஸின் குறிப்புகளை நினைவில் வைத்திருப்பது அதுதான். வருஷக்கணக்கில் ஓடி அது தீர்ந்துவிட்டால், தேதி பின்னுக்குப் போகும். எந்த டிஸ்க்கை முதலில் பார்ப்பது, எந்த முறையில் பார்ப்பது என்ற குறிப்புகளும் மாறிப்போகும். தேதி தப்பாகக் காட்டுகிறதா? முதலில் அந்தப் பாட்டரியைச் சந்தேகப்படுங்கள். அதன் விலை சொற்பம்.

கடையில் நடப்பது

ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தூத்துக்குடியில் ஒரு ரிப்பேர் கடை. திரேஸ்புரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி மடிக்கணினியைத் துண்டில் சுற்றி எடுத்து வருகிறாள்.

"என்ன தங்கச்சி, என்ன ஆச்சு?"

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு அண்ணாச்சி. இடம் பத்தலேன்னு அந்த பாஸ் இருந்ததை அழிச்சேன். இன்னிக்கு ஒண்ணுமே வரல."

"இதுக்கு ஃபார்மேட் போட்டாச் சரியாயிரும். சாயங்காலம் வாங்கிக்கோ."

"ஃபார்மேட் போட்டா உள்ளே இருக்கறது?"

"அது போயிரும்லா!"

இந்த இடத்தில்தான் நம்முடைய மாணவி நிமிர்ந்து நிற்க வேண்டும். "ஃபார்மேட் வேண்டாம் அண்ணாச்சி. விண்டோஸ் பாகம் அப்படியே இருக்கும். முதல்லே உள்ளே இருக்கறதை காப்பி எடுத்துக் குடுங்க. அப்புறம் பூட்டை மட்டும் சரி பண்ணுங்க" என்று சொல்ல வேண்டும்.

கடைக்காரர் கெட்டவர் என்பதல்ல இதன் பொருள். அவருக்கு நேரம் காசு. ஃபார்மேட் போட்டு எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினால் எந்திரம் நிச்சயம் ஓடும், தலைவலி இல்லை. ஆனால் அவர் கையில் இருப்பது எந்திரம். உங்களுக்கு அது மூன்று வருஷ உழைப்பு. அதைக் கேட்டு வாங்குவது உங்கள் பொறுப்பு.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பழைய சுழல் டிஸ்க்கில் அவசர ஃபார்மேட் போட்டால் அட்டவணைதான் அழிகிறது. மேலே வேறு எதையும் எழுதாத வரையில், நிபுணர்கள் பெரும்பகுதியை மீட்டுவிடலாம். இப்போது வருகிற எஸ்.எஸ்.டி. டிஸ்க் அப்படி அல்ல. அழித்த இடத்தை அது தானாகவே துடைத்துச் சுத்தம் செய்துவிடுகிறது. போனது போனதுதான்!

மருந்து

இப்போது வைத்தியத்துக்கு வருவோம். வரிசைப்படி செய்ய வேண்டும்.

முதலாவது, நாடி பார்ப்பது. எந்திரத்தைத் திறந்தவுடன் எஃப்-2 அல்லது டெலிட் போன்ற விசையைத் தட்டினால் பயாஸ் பக்கம் வரும். எந்த விசை என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அந்தப் பக்கத்தில் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா? தெரிந்தால் நல்ல சகுனம். பெயரே இல்லை, அல்லது டிஸ்க் 'டக் டக்' என்று சத்தம் போடுகிறது என்றால், அது தோணியின் கோளாறு அல்ல, கப்பலிலேயே ஓட்டை. உடனே அணைத்துவிட்டு, தகவல் மீட்கும் நிபுணரிடம் கொண்டுபோங்கள். திரும்பத் திரும்பத் திறந்து பார்க்காதீர்கள்.

இரண்டாவது, சரக்கைக் கரை சேர்ப்பது. இன்னொரு கம்ப்யூட்டரில், ஒரு பென் டிரைவில் லினக்ஸை ஏற்றுங்கள். எட்டு ஜி.பி. அளவு பென் டிரைவ் போதும். அதிலிருந்தே எந்திரத்தைக் கிளப்பலாம். டிஸ்க்கில் எதையும் ஏற்றத் தேவையில்லை. 'நிறுவாமல் பயன்படுத்திப் பார்' என்ற வழியைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் பாகத்தை அது திறந்து காட்டும். உங்கள் பாடம், படம் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்குக்கு காப்பி எடுத்துவிடுங்கள். இனி எது நடந்தாலும் நஷ்டமில்லை.

மூன்றாவது, தோணியைச் செப்பனிடுவது. இது மூன்று விதம்.

லினக்ஸை அழித்ததால் வந்த கோளாறா? விண்டோஸ் ஏற்றும் பென் டிரைவை மாட்டிக் கிளப்புங்கள். 'ஏற்று' என்பதை அமுக்கிவிடாதீர்கள்! மூலையில் 'கம்ப்யூட்டரைப் பழுது பார்' என்று சின்னதாக இருக்கும். அதன் வழியே கட்டளைத் திரைக்குப் போய், 'பூட்ரெக்' என்ற கட்டளையை 'ஃபிக்ஸ்-எம்-பி-ஆர்' என்ற சேர்க்கையுடன் கொடுக்க வேண்டும். அது அட்டவணையைத் தொடாமல், அந்த 446 பைட்டை மட்டும் புதிதாக எழுதும். விண்டோஸ் எழுந்துவிடும்.

விண்டோஸை மறுபடி ஏற்றியதால் லினக்ஸ் காணாமற்போயிற்றா? லினக்ஸ் பென் டிரைவில் கிளப்பி, டிஸ்க்கில் உள்ள லினக்ஸ் பாகத்துக்குள் புகுந்து, 'கிரப்-இன்ஸ்டால்' என்ற கட்டளையையும், பிறகு 'அப்டேட்-கிரப்' என்ற கட்டளையையும் கொடுக்க வேண்டும். கட்டளை எழுதத் தயங்குகிறவர்களுக்கு 'பூட்-ரிப்பேர்' என்ற இலவசக் கருவி இருக்கிறது. பொத்தானை அமுக்கினால் இதே வேலையைச் செய்கிறது.

லினக்ஸை அழிக்கவில்லை, பாகங்களின் எண்தான் மாறிப்போயிற்றா? அப்போது அந்தப் பயங்கரமான 'கிரப் ரெஸ்க்யூ' திரையே உங்களுக்கு உதவும். எல், எஸ் என்ற இரண்டு எழுத்துக்களைத் தட்டுங்கள். டிஸ்க்கில் உள்ள பாகங்களின் பட்டியலைச் சொல்லும். எந்தப் பாகத்தில் லினக்ஸ் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, 'பிரிஃபிக்ஸ்' என்பதை அந்தப் பாகத்தில் உள்ள கிரப் அறைக்குத் திருப்பிவிட வேண்டும். பிறகு 'இன்ஸ்மாட் நார்மல்' என்று ஒரு கட்டளை. அடுத்து 'நார்மல்' என்று ஒரு கட்டளை. பழைய பட்டியல் வந்து நிற்கும்! ஆனால் இது தாற்காலிகச் சிகிச்சைதான். லினக்ஸுக்குள் போனதும் கிரப்பை மறுபடி நிறுவிவிட வேண்டும்.

'ரெஸ்க்யூ' என்றால் என்ன அர்த்தம்? மீட்பு. "செத்துவிட்டேன்" என்று எந்திரம் சொல்லவில்லை. "கை கொடு" என்றுதான் கேட்கிறது.

புதிய வீடு, புதிய காவலாளி

மேலே சொன்னது பழைய மடிக்கணினிகளின் கதை. புதிய எந்திரங்களில் 'யூ.இ.எஃப்.ஐ.' என்ற முறை வந்துவிட்டது. அஞ்சலட்டை அளவுக்குள் அடங்க வேண்டிய நெருக்கடி இல்லை. பூட் லோடர்களுக்கென்றே டிஸ்க்கில் தனியாக ஒரு சிறிய பாகம் இருக்கிறது. விண்டோஸின் தோணி ஓர் அறையில். லினக்ஸின் தோணி இன்னோர் அறையில். ஒன்றை ஒன்று தள்ளிவிடுவது குறைவு. விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்ட பிறகு லினக்ஸ் வரவில்லையானால், பல சமயங்களில் வரிசை மாறியிருக்கும், அவ்வளவுதான். பயாஸ் பக்கத்தில் லினக்ஸின் பெயரை மேலே நகர்த்தினால் தீர்ந்தது.

வேறு ஒரு விசித்திரமும் உண்டு. 2021-ல் வந்த கிரப்பிலிருந்து, பக்கத்துப் பாகங்களில் வேறு இயங்குதளம் இருக்கிறதா என்று தேடும் வேலை நிறுத்தி வைக்கப்பட்டது. பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு. அதனால் பட்டியலில் விண்டோஸ் பெயர் மறைந்துபோவது உண்டு. கிரப்பின் அமைப்புக் குறிப்பில் 'ஓ.எஸ். புரோபர்' என்ற தேடலை மறுபடி அனுமதித்து, பட்டியலைப் புதுப்பித்தால் விண்டோஸ் திரும்ப வரும்.

புதிய வீட்டுக்குக் காவலாளியும் உண்டு. 'செக்யூர் பூட்' என்று பெயர். விண்டோஸ் 8 வெளிவந்த 2012-லிருந்து இது பரவியது. முத்திரை இல்லாத எந்த பூட் லோடரையும் உள்ளே விடாது. திருட்டுப் புரோகிராம்கள் புகாமலிருக்க இது நல்ல காவல்தான். ஆனால் காவலாளியும் சில சமயம் வீட்டுக்காரரையே தடுத்துவிடுகிறான்! 2024 ஆகஸ்ட் 13-ல் மைக்ரோசாப்ட் ஒரு திருத்தம் அனுப்பியது. குறையுள்ள பழைய பூட் லோடர்களைத் தடுப்பது நோக்கம். இரட்டை மூளை எந்திரங்களைத் தொடாது என்று சொன்னார்கள். தொட்டது. பல எந்திரங்களில் லினக்ஸ் எழ மறுத்து, "பாதுகாப்பு விதி மீறல்" என்று திரை சொன்னது. செக்யூர் பூட்டைத் தாற்காலிகமாக நிறுத்தி, லினக்ஸுக்குள் போய், புதிய தடையை நீக்கிவிட்டு, மறுபடி காவலைப் போடுவதே பரிகாரமாக இருந்தது. முழுத் திருத்தம் 2025 மே மாதத்தில்தான் வந்தது.

இதில் ஒரு பொறி உண்டு, கவனியுங்கள். புதிய விண்டோஸ் எந்திரங்கள் பலவற்றில் 'பிட்லாக்கர்' என்ற பூட்டு டிஸ்க்குக்குப் போடப்பட்டிருக்கும். பூட் வரிசையையோ, செக்யூர் பூட்டையோ மாற்றினால், "யாரோ கைவைத்திருக்கிறார்கள்" என்று சந்தேகப்பட்டு 48 இலக்க எண்ணைக் கேட்கும். அந்த எண் இல்லாவிட்டால் உள்ளே உள்ளதைக் கடைக்காரரும் எடுக்க முடியாது. கம்பெனிக்காரரும் எடுக்க முடியாது. ஆகவே எதிலும் கைவைக்குமுன், அந்த எண்ணைத் தேடி ஒரு காகிதத்தில் எழுதிப் பெட்டியில் வையுங்கள்.

உலகமே நின்ற நாள்

இதெல்லாம் ஏழை மாணவர்களின் பழைய எந்திரத்துக்கு வருகிற கோளாறு என்று எண்ண வேண்டாம். 2024 ஜூலை 19-ந் தேதி நினைவிருக்கிறதா? அன்றைக்கு உலகமெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் எந்திரங்கள் நீலத் திரையைக் காட்டிக்கொண்டு எழுந்திருக்க மறுத்தன. விமானங்கள் நின்றன. ஆஸ்பத்திரிகள் திணறின. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள்!

காரணம் என்ன? கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய பழுதுள்ள ஒரு ஃபைல். மருந்து என்ன? எந்திரத்தைப் பாதுகாப்பு நிலையில் கிளப்பி, அந்த ஒரே ஃபைலை அழித்துவிட்டு, மறுபடி திறப்பது. அவ்வளவே! பல இடங்களில் ஒவ்வோர் எந்திரத்தின் முன்னாலும் ஓர் ஆள் உட்கார்ந்து செய்ய வேண்டியிருந்ததால்தான் நாட்கள் பிடித்தன. யாரும் பயந்துபோய் 85 லட்சம் எந்திரங்களுக்கும் ஃபார்மேட் போடவில்லை. பெரிய கம்பெனிக்குப் பொறுமை உண்டு. நமக்கு மட்டும் ஏன் கூடாது?

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

இன்றைக்கு இது அவசரமான சங்கதி. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாப்டின் ஆதரவு 2020 ஜனவரி 14-ல் முடிந்தது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 வேண்டுமானால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி எந்திரத்தில் இருக்க வேண்டும் என்கிறார்கள். பழைய மடிக்கணினிகள் பலவற்றில் அது இல்லை. எந்திரம் நன்றாக ஓடுகிறது. ஆனால் வழக்கமான பாதுகாப்புத் திருத்தம் வராது. புதிதாக வாங்கப் பணம்? எல்லாருக்கும் எங்கே இருக்கிறது!

அதனால், ஒரு காலத்தில் "இது எதற்கு?" என்று அழித்த லினக்ஸையே இப்போது தேடிப் போய்ப் பலர் ஏற்றுகிறார்கள். விண்டோஸை முழுதாக விட மனமில்லாதவர்கள் பக்கத்தில் ஒரு பாகம் ஒதுக்கி ஏற்றுகிறார்கள். இரட்டை மூளை எந்திரம் மறுபடியும் வீட்டுக்கு வருகிறது. பழைய தவறும் கூடவே வரக் கூடாது.

அப்படி ஏற்றுகிறவர்கள் சில விதிகளைக் கடைப்பிடித்தால் போதும். முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ் என்ற வரிசையில் ஏற்றுங்கள். இரண்டையும் ஒரே முறையில் ஏற்றுங்கள்; ஒன்று பழைய பயாஸ் முறை, மற்றது புதிய முறை என்று கலக்காதீர்கள். விண்டோஸில் உள்ள 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதியை நிறுத்திவிடுங்கள். அது விண்டோஸை முழுதாக அணைக்காமல் அரைத் தூக்கத்தில் வைக்கிறது. அந்த நிலையில் லினக்ஸ் போய் அந்தப் பாகத்தில் எழுதினால் கெடுதல். பாட்டரி நிறைய இருக்கும்போது மட்டும் புதுப்பியுங்கள். லினக்ஸை அழிக்க விரும்பினால், முதலில் விண்டோஸின் தோணியைத் திரும்பக் கட்டிவிட்டு, அப்புறம் அழியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பென் டிரைவில் லினக்ஸும், வேறொரு டிஸ்க்கில் உங்கள் சரக்கின் காப்பியும் எப்போதும் தயாராக இருக்கட்டும்.

இவ்வளவும் செய்ய என்ஜினீயர் பட்டம் தேவையில்லை. கொஞ்சம் பொறுமை போதும். அடுத்த முறை அந்தக் கருப்புத் திரை வந்தால், பதறாதீர்கள். "ஃபார்மேட் போடு" என்று சொல்லுமுன் ஒரு நிமிஷம் நில்லுங்கள். காப்பி எடுத்தாகிவிட்டதா என்று கேளுங்கள். எந்திரத்துக்கு இன்னொரு விண்டோஸ் கிடைக்கும். இன்னொரு லினக்ஸும் கிடைக்கும். உங்கள் மகள் ராத்திரி கண் விழித்து எழுதியது இன்னொரு முறை கிடைக்காது.